கோட்டின் தடிமனே 125 மீட்டர்: பாறை வரைபடக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி போர்வெல் பற்றியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக நடுவில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் மாவட்டப் புவியியல் வரைபடம் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. அச்சுப் பிழையா? (நாமக்கல்)

பிழை இல்லை. அது நைஸ், பட்டை பட்டையாக வரியோடிய பாறை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் நைஸ், சார்னோகைட் போன்ற பழைய கடினப் பாறைதான். நிறத்தோடு நிற்காமல் அதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துக் குறியையும் ஓரத்திலுள்ள குறிவிளக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே சிவப்பில் நான்கு பாறைகள் இருக்கலாம்.

இணைத்துள்ள படத்தில் இருப்பது என்ன கல்?

ஊர் பெயர் இல்லை. அளவு காட்ட ஒரு நாணயம்கூட பக்கத்தில் இல்லை. படத்தில் தெரிவது கல்லும் அல்ல, அதன் மேல் படிந்த அழுக்கும் பாசியும். இதே போலப் பதினொரு படங்கள் வந்திருக்கின்றன. கல்லை உடையுங்கள், உடைத்த புதிய முகத்தை வெயிலில், நாணயத்தோடு படம் எடுங்கள். பத்தடி தள்ளி நின்று பாறை முழுவதையும் இன்னொரு படம். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. கத்தி கீறுகிறதா, காந்தம் ஒட்டுகிறதா என்று ஒரு வரி. இவ்வளவும் வந்தால் பத்தில் ஏழுக்குப் பெயர் சொல்லிவிடலாம். பல்லாவரத்துச் சார்னோகைட் வெளியே பழுப்பாகக் கிடக்கும். உடைத்தால்தான் எண்ணெய் பூசியது போன்ற நீலச் சாம்பல் மினுமினுப்பு தெரியும்.

சமையல் மேடைக்கு வாங்கிய ‘பிளாக் கிரானைட்’ உண்மையில் கிரானைட்டா?

இல்லை. பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ, நிலத்தடியில் பாறைக் குழம்பு உறைந்த கரும்பாறைகள். கிரானைட் என்று சொல்ல ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ் என்ற கண்ணாடி போன்ற கனிமம் வேண்டும். கடையில் பாலிஷ் ஏறுகிற எல்லாமே கிரானைட்தான். அது வியாபாரப் பெயர்.

வரைபடத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மனைக்கு நேராக ஒரு கோடு போகிறது. அங்கே போர் போட்டால் தண்ணீர் வருமா? (தருமபுரி, கோவை, திண்டுக்கல்… இன்னும் பலர்)

இதைச் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் கடிதம் நிற்கவில்லை. முதலில் அளவுகோலைப் பாருங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மாவட்ட வள வரைபடம் 1:2,50,000 அளவில் வருவது. அதில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனில் போட்ட கோடு 125 மீட்டர் அகலத்தை மூடிவிடும். 1:50,000 தாளிலேயே உங்கள் 30-க்கு 40 அடி மனை கால் மில்லிமீட்டர்கூட வராது. திரையில் விரலால் இழுத்தால் கோடு பெரிதாகும், தகவல் பெரிதாகாது. வரைந்தவர் உங்கள் மனையில் நின்று வரையவில்லை. இங்கே ஒரு பாறைமுகடு, அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று எனப் பார்த்து, நடுவில் மண் மூடிய இடத்தை அனுமானத்தில் இணைத்திருப்பார். கோடு விட்டுவிட்டு இருந்தால் அதற்கு அர்த்தமே அதுதான்.

அந்தக் கோடு டைக்காக, அதாவது பாறை வெடிப்பில் குழம்பு புகுந்து சுவர் போல இறுகியதாக, இருந்தால் இன்னும் கவனம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டோலரைட் டைக்குகள் நிறைய. நிஜத்தில் இருபது மீட்டர் அகலமுள்ளதை அதே அளவில் வரைந்தால் கண்ணுக்கே தெரியாது என்பதால் தடிமனாக்கித்தான் காட்டுவார்கள். வெடிப்பில்லாத டைக் நிலத்தடியில் ஒரு அணை மாதிரி. தண்ணீர் மேட்டுப் பக்கம் தேங்கும், பள்ளத்துப் பக்கம் வறண்டிருக்கும். டைக்கின் நடுவிலேயே துளையிட்டவருக்குக் கருங்கல் தூள்தான் மிஞ்சும்.

வரைபடம் ஒன்றை மட்டும் சொல்லும்: இங்கே எந்த வகைப் பாறை, ஆகவே என்ன எதிர்பார்க்கலாம். பொதுவாக நைஸ் ஆழமாகச் சிதையும், அந்தச் சிதைந்த பகுதியில் தண்ணீர் தேங்கும். சார்னோகைட்டில் சிதைந்த பகுதி மெலிது, தண்ணீரும் குறைவு. அடுத்து அரைக் கிலோமீட்டருக்குள் உள்ள எட்டுப் பத்துக் கிணறுகளை விசாரியுங்கள்: எத்தனை அடியில் பாறை தட்டியது, கேசிங் (துளை சரியாமல் காக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது, எந்தெந்த ஆழத்தில் ஊற்று உடைத்தது. மூன்றாவதுதான் மின்தடை ஆய்வு: தரையில் மின்சாரம் செலுத்தி அடியில் இருப்பதை ஊகிப்பது. ஸ்லம்பெர்ஜர் முறையில் இருபக்கமும் 100 மீட்டர் கம்பி நீட்ட, 200 மீட்டர் நேர்நிலம் வேண்டும். நகரத்து மனைக்குள் பத்து மீட்டர் கம்பி நீட்டிவிட்டு ‘600 அடியில் தண்ணீர்’ என்று எழுதிக் கொடுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். களிமண்ணும் உப்புநீரும்கூட நல்ல தண்ணீரைப் போலவே குறைந்த மின்தடை காட்டும். பக்கத்துக் கிணற்றின் விவரம் கையில் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

போர் வண்டி வந்த பிறகும் வேலை இருக்கிறது. பத்தடிக்கு ஒரு பிடி தூளை எடுத்துப் பையில் போட்டு ஆழம் எழுதி வையுங்கள். சிதைந்த பகுதி முழுவதையும் தாண்டிக் கெட்டிப் பாறைக்குள் ஓரிரு அடி கேசிங் இறங்க வேண்டும். பைப் செலவை மிச்சப்படுத்தப் பாதியில் நிறுத்தினால் சேறு உள்ளே சரிந்து மோட்டாரைப் பிடிக்கும். கெட்டிப் பாறையில் ஆழம் கூடக் கூட வெடிப்புகள் இறுகிக் குறையும். 300 அடிவரை ஈரமே காட்டாத போரை ஆசையில் 1,000 அடிக்கு ஓட்டுவது பெரும்பாலும் வீண்.

300 அடி போட்டும் பாறையே வரவில்லை. (நெய்வேலி அருகில்)

வராது. நீங்கள் இருப்பது படிவுப் படுகை. கடலூர் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக இறங்குகின்றன. காற்றடித்துத் துளைக்கும் வண்டி அங்கே உதவாது, சேற்றுக் கலவை சுற்றும் ரோட்டரி ரிக் வேண்டும். கேசிங் அடிவரை, மணல் அடுக்குக்கு நேராகத் துளையிட்ட குழாய்.

வரைபடத்தில் ஒரு நீளக் கோடும் அதில் ஒட்டிய குட்டிக் கோடும் பக்கத்தில் 5 என்றும் இருக்கிறது. அதைக் கொண்டு அடுக்கின் தடிமனைக் கணக்கிடுவது எப்படி? (அரியலூர், கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. நீளக் கோடு அடுக்கு ஓடும் திசை. குட்டிக் கோடு சாயும் பக்கம். 5 சாய்வு, பாகையில். சமதரையில், சாயும் திசையில் அளந்த அகலத்தைச் சாய்வின் சைன் மதிப்பால் பெருக்குங்கள். ஒரு கிலோமீட்டர் அகலம், 5 பாகை என்றால் தடிமன் சுமார் 90 மீட்டர். சாய்வை 8 என்று தவறாக எடுத்திருந்தால் 140 ஆகிவிடும். உங்கள் பகுதியில் அடுக்குகள் மெல்லச் சாய்பவை. பாகைக் கணக்கில் சின்னத் தவறும் பெரிதாக அடிக்கும். ஒரே கல்லில் அளக்காமல் ஐந்தாறு இடங்களில் அளந்து பாருங்கள்.

குறுக்குவெட்டு வரையும்போதும் முதலில் அளவுகோல். செங்குத்து அளவைப் பத்து மடங்காக்கினால் 5 பாகைச் சாய்வு 40 பாகையாகத் தெரியும். பெரிதாக்கியதைப் படத்திலேயே எழுதுங்கள்.

பொதுவாக அங்கே கிழக்கே போகப் போக அடுக்கு இளையதாகும்: ஊட்டத்தூர் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர் தொகுதி என்ற வரிசை. மேற்கு ஓரத்தில் ஊட்டத்தூர் அடுக்கு நைஸ் மேல் நேராக உட்காரும் எல்லையைத் தவறவிடாதீர்கள். குறைத்துச் சொன்னாலும் நாற்பது கோடி ஆண்டுகளின் பாறைப் பதிவு அந்த ஒரு கோட்டில் காணாமல் போயிருக்கிறது.

ஓடையைக் கடக்கும்போது பாறை எல்லை ‘வி’ போல வளைவது ஏன்?

கிடை அடுக்கு என்றால் எல்லை சமஉயரக் கோட்டோடு கூடவே போகும். செங்குத்து அடுக்கு வளையவே வளையாது. ஓடை வரும் பக்கம் சாய்ந்தால் முனை மேல்நோக்கும். ஓடை போகும் பக்கம் ஓடையின் வாட்டத்தைவிடச் செங்குத்தாகச் சாய்ந்தால் கீழ்நோக்கும்.

செயற்கைக்கோள் படத்தில் எங்கள் ஊர் வழியாக நேர்க்கோடு தெரிகிறது. நிலநடுக்கம் வருமா?

நேர்க்கோடெல்லாம் பிளவு அல்ல, பிளவெல்லாம் உயிரோடிருப்பதும் அல்ல. பழைய சாலை, வாய்க்கால், மரவரிசைகூட அப்படித் தெரியும். இருபுறமும் பாறை இடம் பெயர்ந்த அடையாளத்தைத் தரையில் பார்க்காமல் பிளவு என்று எழுதக் கூடாது.

அமிலம் விட்டால் பொங்குகிறது. எங்கள் தோட்டத்தில் இருப்பது சுண்ணாம்புக்கல்லா? (கரூர்)

எங்கே விட்டீர்கள்? நைஸின் மேல்தோலிலும் வெடிப்பிலும் சுக்கான் (சுண்ணாம்புப் படிவு) படிந்திருக்கும், அது பொங்கத்தான் செய்யும். உடைத்த புதிய முகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து எழுதுங்கள்.