டிராயிங் மாஸ்டரைக் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "நேரம் கிடைத்திருக்கிறது, பெயின்டிங் பழக ஆசை, எங்கேயோ இடிக்கிறது." அரசுப் பள்ளியில் 31 வருடம் ஓவிய ஆசிரியராகச் சாக்பீஸ் தூசி தின்றவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், எனக்கு 61 வயது. பேத்திக்கு வாங்கும் சாக்கில் எனக்கும் 24 டியூப் வாட்டர்கலர் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். டிராயிங் நோட்டில் வரைந்தால் தாள் அப்பளம் மாதிரி நெளிகிறது. கலரெல்லாம் சேறாகிறது. இந்த வயதில் கை வராதோ?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கையில் குறையில்லை அம்மா, தாளில்தான் குறை. டிராயிங் நோட்டு பென்சிலுக்கும் கிரேயானுக்கும் ஆனது. தண்ணீர் பட்டால் குடித்துவிட்டு ஊதிக்கொள்ளும். கடையில் '300 ஜி.எஸ்.எம். கோல்டு பிரஸ்' (cold press) என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை என்று அர்த்தம். தடவினால் சொரசொரக்கும். அதில் பசை ஏற்றியிருப்பதால் வண்ணம் சட்டென்று உள்ளே இறங்காமல் மேலே நின்று நமக்கு அவகாசம் தரும். விலை உறைக்கத்தான் செய்யும். ஏ4 தாளை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். கலர் மாணவர் ரகமே போதும், காசைத் தாளில் போடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

மழைக்காலத்தில் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள். ஈரம் ஏறிய தாளில் வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும். பீரோ மேல் போட்டுவைத்து ஒரு கட்டுத் தாளையே பாழாக்கியவன் சொல்கிறேன்.

அடுத்து, சேறு. 24 டியூபில் 20ஐ மூடி வையுங்கள். அல்ட்ராமரின் ப்ளூ, கிரிம்சன், லெமன் எல்லோ, பர்ன்ட் சியன்னா, இந்த நாலு போதும். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் அசல் மழைமேகச் சாம்பல் வரும், கறுப்பே தேவைப்படாது. வெள்ளை டியூபையும் தொடாதீர்கள். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான்.

பழகுவதற்கு ஒரு கத்தரிக்காய் போதும். சன்னலோரம் வையுங்கள். மேலே ஓரிடத்தில் வெளிச்சம் பளிச்சென்று விழுகிறதே, அதைப் பென்சிலால் லேசாகக் குறியுங்கள். அங்கே பிரஷ் படவே கூடாது. தாளை ஒட்டிய அட்டையின் மேல் விளிம்புக்கு அடியில் ஒரு தீப்பெட்டி வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். கிரிம்சனும் நீலமும் தண்ணீராகக் குழைத்து, 8ம் நம்பர் ரவுண்டு பிரஷ் நிறைய எடுத்து, மேலிருந்து வரிவரியாக இறங்குங்கள். ஒவ்வொரு வரியின் அடியிலும் ஈரம் திரண்டு நிற்கும், அடுத்த வரி அதைத் தொட்டு இழுத்துக்கொண்டு வர வேண்டும். கடைசியில் மிஞ்சுவதைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள்.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இதுதான் கஷ்டம். பாதி காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷ் பட்டால் காலிஃபிளவர் மாதிரி கறை பூத்துவிடும். புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளுத்திருக்கும். நிழல் பக்கத்துக்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுங்கள். பத்துக் கத்தரிக்காய் முடிந்ததும் தக்காளிக்குப் போகலாம். பாகற்காய் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: அக்ரிலிக்கில் வானம் போடுகிறேன் சார். நீலத்தையும் வெள்ளையையும் இழைப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. இரண்டு பிரஷ் கல்லாகிவிட்டன.
– ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, அக்ரிலிக் கிட்டத்தட்ட தண்ணீரில் கலந்த பிளாஸ்டிக். தண்ணீர் போனதும் இறுகிவிடும், மறுபடி தண்ணீர் ஊற்றினால் கரையாது. முதலில் தலைக்கு மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும், என்ன செய்ய? ஒரு எவர்சில்வர் தட்டில் டிஷ்யூவை நனைத்து மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் கலரைப் பிதுக்குங்கள். அடியிலிருக்கும் ஈரம் கலரைக் காயவிடாது. மூடி வைத்தால் மறுநாளும் ஓடும். (தட்டு வீட்டில் புழங்காத தட்டாக இருக்கட்டும். நான் வாங்கிய திட்டு எனக்குத்தான் தெரியும்.) வானத்துக்கு ஆழ்ந்த நீலம், நடு நீலம், வெளிர் நீலம் என்று மூன்று குவியலை முதலிலேயே கலந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பிரஷ்ஷை டம்ளர் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தாதீர்கள், நுனி வளைந்துவிடும். தட்டையான டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் படுக்க வையுங்கள். முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்றால் பிரஷ் போச்சு.

கேள்வி: ஆயில் பெயின்டிங்தான் என் கனவு. ஒற்றை அறை வீடு, இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். தொடங்கலாமா?
– ஒரு வாசகி, ஆவடி

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. ஆயில் கலரைக் கரைக்கும் டர்பன்டைன் நெடி அறையைவிட்டுப் போகாது, படம் காய நாள்கணக்கில் ஆகும், அதுவரை அந்தக் கைகளுக்கு எட்டாத இடம் வேண்டும். இன்னொன்று: ஆயில் கலரில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. அப்போது சூடு கிளம்பும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நான் ஒருமுறை டர்பன்டைனைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்து, என் பையன் மூடியைத் திருகும்போது பார்த்துப் பிடுங்கினேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய் வாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966ல் உருவாக்கிய இடம். அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் படங்களைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்ணம் எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்று தெரியும். வீட்டில், குழந்தை வளரும்வரை அக்ரிலிக்.

கேள்வி: வரையத் தெரியாமல் பெயின்டிங் பழகலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: பழகலாம். டிரேஸ் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் போலீஸில் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: ஆன்லைனில் கிட் வாங்கி, ஆறு மாதம் உட்கார்ந்து தஞ்சாவூர் ஓவியம் போட்டேன். ஒரே வருடத்தில் தங்கம் கறுத்துவிட்டது. பூஜையறையில் வைக்கக் கூடாது என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அது தங்கமே இல்லை அம்மா. தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டுவது 22 காரட் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. அது கறுக்காது. கிட்டில் வந்தது பித்தளை ரேக்காக இருக்கும். பார்க்க ஒன்றுபோலத்தான் மின்னும், விலைதான் காட்டிக்கொடுக்கும். தொடங்குபவர்கள் கைப்பழக்கத்துக்கு அதையே ஒட்டிப் பார்ப்பதில் தப்பில்லை, விற்பவர் அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டும். அடுத்த படத்துக்குப் பலகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, அசல் ரேக்கு வாங்குங்கள். இதில் ரேக்கு ஒட்டிய பிறகுதான் வண்ணமே தொடங்குகிறது என்பதால், கறுத்த இடத்தை மட்டும் உரித்துச் சரிசெய்யப் பார்த்தால் விளிம்பு வண்ணமும் கூடவே பெயர்ந்து வரும். அப்படியே விடுங்கள். பித்தளைக் குத்துவிளக்கும்தான் கறுக்கிறது, அதை எந்தப் பூஜையறையில் வைக்காமல் இருக்கிறோம் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே புளியை எடுத்துக்கொண்டு வந்தால் மட்டும் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுங்கள்.