கொரோனா முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் செவிலியரான என் அக்கா ஏன் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: அக்கா அரசு மருத்துவமனையில் செவிலியர். சரியாகத் தூங்குவதில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். கொரோனா நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். வேலைப்பளுவால் வந்தது என்றால் இந்நேரம் சரியாகியிருக்க வேண்டாமா?

நானும் செவிலியர்தான். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில், இரண்டு அலைகளிலும் கொரோனா வார்டில் இருந்தேன். புகுந்த வீடு காவேரிப்பட்டணம் பக்கம். அது கிருஷ்ணகிரி மாவட்டம். உங்கள் அக்காவை நான் பார்த்ததில்லை. அவருக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்வது முறையாகாது. ஆனால், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு எங்கள் வார்டில் இருந்த யாருக்கும் ஒத்துவரவில்லை. அது ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

வேலைப்பளுவைத் தள்ளிவைத்துவிடுங்கள். டெங்கு வந்த ஆண்டுகளில் கட்டிலுக்கு இருவர், கீழே பாயில் இருவர் என்று பார்த்தவர்கள் நாங்கள். பளு எங்களுக்குப் புதிதல்ல.

பயம் இருந்தது, உண்மைதான். 2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு நடுவே, தருமபுரியிலிருந்து எல்லை தாண்டி வந்துபோகும் ஒருத்தி நான். பால்காரர் எங்கள் வீட்டுச் சொம்பைக் கையால் தொடுவதை நிறுத்தினார். மாமியார் திட்டவில்லை, ஆனால் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையைக் கழுவிவிட்டு, அங்கே கட்டிலைப் போட்டுவிட்டார். மே தொடக்கத்தில் கிருஷ்ணகிரியிலும் தொற்று வந்தது. அது என்னால் வரவில்லை என்பதை ஊருக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்திருந்தார். ஏப்ரல் 19. அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸைக் கூட்டம் கூடித் தாக்கியது. கடைசியில் வேலங்காடு இடுகாட்டில், அவருடைய சக மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. மறுநாள் எங்கள் உடை மாற்றும் அறையில் ஓர் இளம்பெண் கேட்டாள்: "டாக்டருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு?" யாரும் பதில் சொல்லவில்லை. ஏப்ரல் 22 அன்று மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழாண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். அவள் கேட்ட கேள்வி அதற்கும் அப்பால் நின்றது.

சீனாவில் தொற்று தொடங்கிய சில வாரங்களிலேயே 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2020 மார்ச்சில் வெளியானது. பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். 34 சதவீதத்தினருக்குத் தூக்கமின்மை. செவிலியர்கள், பெண்கள், நோயாளியின் அருகிலேயே நின்றவர்கள் ஆகியோருக்குப் பாதிப்பு கூடுதல். உங்கள் அக்கா இந்த மூன்றிலும் வருவார் என்று நினைக்கிறேன். அந்த ஆய்வு சில வாரக் கணக்கு. இங்கே அது இரண்டாண்டு நடந்தது.

ஆனாலும் பயம் பழகிவிட்டது. 2021 ஜனவரியில் தடுப்பூசி வந்ததும் பாதிப் பயம் போயிற்று. எங்களை உடைத்தது அதன் பிறகு வந்த மே மாதம்.

அந்த மாதம் என் கைபேசி ஒலிக்காத மணி இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருத்தி செவிலியர் என்றால் அவள் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் செவிலியர் அல்ல. சம்பந்தி வழி, பங்காளி வழி, ஊர் வழி என்று எல்லோருக்கும் அவள்தான் மருத்துவமனை. "பாப்பா, ஒரே ஒரு பெட் மட்டும் பார்த்துச் சொல்." முந்தைய ஆண்டு என் வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு போனவர்களும் கூப்பிட்டார்கள். அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. உயிர் போகிற நேரத்தில் யாராக இருந்தாலும் கூப்பிடத்தான் செய்வார்கள். கட்டில் காலியாக இருப்பது வேறு, ஆக்சிஜன் முனை உள்ள கட்டில் காலியாக இருப்பது வேறு என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. விளக்கி முடித்ததும் எதிர்முனையில் ஓர் அமைதி வரும். "நீ உள்ளேதானே இருக்கிறாய், உனக்கே முடியாதா?" கட்டில் இல்லை என்று நான் கைவிரித்த ஒரு பெரியப்பா இரண்டு நாளில் இறந்தார். அவர் மகன் இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை, கல்யாண வீட்டில் பார்த்தால் "சாப்பிட்டாயா" என்று விசாரிக்கிறான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வார்டுக்குள் இரவெல்லாம் வகுத்தல் கணக்கு. பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் போகும் நோயாளிக்கு அது எட்டு மணி நேரம்கூட வராது. அதிவேக ஓட்டக் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. எப்போது மாற்ற வேண்டும் என்று சிலிண்டரின் தோளில் சாக்பீஸால் எழுதிவைப்போம். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக் கண்ணாடி மங்கிவிடும். சாக்பீஸ் எழுத்து தெரியாது. அப்போது காதுதான் துணை. ஆக்சிஜன் போகும் நீர்க் குடுவையில் குமிழிச் சத்தம் கேட்டால் எல்லாம் சரி. சத்தம் நின்றால் ஓட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூச்சு வாங்கும் நோயாளிகளைக் குப்புறப் படுக்கச் சொல்வோம். நுரையீரலின் பின்பக்கத்துக்குக் காற்று நன்றாகப் போகும். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா மறுத்துவிட்டார். "குப்புறப் படுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் அம்மா முதுகில் போடுவாள்." எழுபது வயதுக்கு மேல் அவருக்கு; அம்மா பயம் போகவில்லை. உங்கள் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிப் படுக்கவைத்தோம். பிழைத்து, எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. ஒரு கருவிக்கு இரண்டு பேர் காத்திருக்கும் இரவில் யாருக்கு என்று முடிவெடுப்பவர் மருத்துவர். ஒருவரிடமிருந்து கழற்றி மற்றவருக்கு மாட்டும் கை எங்களுடையது. கழற்றப்பட்டவர் எங்களைத்தான் பார்ப்பார். காலையில் வாயிற்கதவு ஓரம் நிற்கும் மகனிடம் பொருட்களை ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் நாங்கள்தான். ஒரு துண்டு, பல் செட், பாதி பிஸ்கட் பாக்கெட், மடித்துவைத்த ஆதார் நகல். "கடைசியில் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வது?

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர் இந்த வகைக் காயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். உயிர் போகும் தருணத்தில், எது நியாயமோ அது மீறப்படுகிறது. மீறுவது அதிகாரத்தில் இருப்பவர்கள். நடுவில் நின்று கையால் செய்ய வேண்டியவன் அந்த வீரன். களைப்பு தூங்கினால் போகும். இது தூக்கத்தையே கெடுக்கும். எனக்கு இது விளங்கியபோதுதான், நான் பலவீனமானவள் என்ற எண்ணம் விலகியது.

உங்கள் அக்கா சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவதாகச் சொல்கிறீர்கள். அது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. எங்கள் வீட்டில் இரவில் களி கிண்டுவார்கள். உலை கொதிக்கும் சத்தம் அப்படியே அந்த நீர்க் குடுவைச் சத்தம். கேழ்வரகு மாவைக் கொட்டியதும் ஒரு நொடி சத்தம் அடங்கும். அந்த நொடியில் என் கால் தானாக எழுந்துவிடும். அலை ஓய்ந்த பிறகும் பல மாதங்கள் இது நடந்தது. "களிக்குப் போய் இப்படிப் பதறுகிறாளே" என்று வீட்டில் சிரித்தார்கள். எப்படி விளக்குவது என்று தெரியாமல் நான் சத்தம் போட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயத்துக்குக் கோபம்தான்.

இனி, பாராட்டு. 2020 மார்ச் 22 மாலை கை தட்டினார்கள். ஏப்ரலில் விளக்கேற்றினார்கள். மே மாதம் ஹெலிகாப்டரில் பூத்தூவினார்கள். கடவுள் என்றார்கள். கடவுளுக்கு வார விடுப்பு வேண்டியதில்லை அல்லவா, அந்த வசதி அதில் இருந்தது. 2021இல் மாநில அரசு மூன்று மாதங்களுக்கான ஊக்கத்தொகையாக மருத்துவர்களுக்கு 30,000 ரூபாய், செவிலியர்களுக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. அது பூவைவிட மேல். ஆனால் கொரோனாவுக்கென்று மாதம் 14,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். என்னோடு இரவுப் பணி பார்த்தவர்கள். 2022 டிசம்பர் 31 அன்று மாநிலம் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. போராட்டத்துக்குப் பிறகு வேறு திட்டங்களில் தற்காலிக இடம் தருவதாகப் பேச்சு வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அவர்களில் ஒருத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு அரூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்த பிறகு, பணியில் நீடித்த எங்களுக்கும் மனதில் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது. தனியார் ஒப்பந்தத்தில் இருந்த துப்புரவுப் பணியாளர்களின் நிலை இதைவிட மோசம். இறந்த உடலைச் சுற்றிக் கட்டியவர்கள் அவர்கள்தான். அவர்களின் தூக்கத்தைப் பற்றி யாரும் ஆய்வு செய்ததாக என் கண்ணில் படவில்லை.

எங்களுக்கு மன அமைதி தர முயற்சிகளும் நடந்தன. இரவுப் பணி முடித்தவர்களை உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி வகுப்பு. கண்ணை மூடச் சொன்னதும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அந்த வகையில் பயனுள்ள வகுப்பு. உண்மையில் உதவியது எங்கள் தலைமைச் செவிலியர் செய்த ஏற்பாடு. பணிப் பட்டியலைத் தினமும் மாற்றாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒட்டினார். எந்த நாள் வீட்டில் இருப்போம் என்று பிள்ளைகளிடம் சொல்ல முடிந்தது. உறவினர்களின் தொலைபேசிக்கு என்று வார்டுக்கு வெளியே ஒருவரை உட்காரவைத்தார். உடைக்குள் வியர்த்துக்கொண்டே மரணச் செய்தி சொல்லும் கொடுமை குறைந்தது. ஒருவர் இறந்தால் அந்த ஷிஃப்டில் இருந்தவர்களைத் தேநீரோடு சற்று நேரம் உட்காரச் சொல்வார். அறிவுரை கிடையாது. பேச விரும்பினால் பேசலாம். ஊழியரின் மனநலம் என்று யாராவது பெரிய திட்டம் போட்டால் நான் முதலில் கேட்பது பணிப் பட்டியலைத்தான். ஆள் பற்றாத வார்டில் மற்றதெல்லாம் சுவரொட்டி.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அந்த நாட்களைப் பற்றிக் கேட்காதீர்கள்; அவராகச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "உன்னால் எத்தனை பேர் பிழைத்தார்கள், அதை நினை" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். பிழைத்தவர்களை அவர் எண்ணவில்லை. இரவுப் பணி முடித்து வந்த பகலில் வீட்டில் யாரும் கதவைத் தட்டாதபடி பார்த்துக்கொள்வது எந்த ஆறுதலைவிடவும் பெரிது.

தூக்கமின்மை இத்தனை ஆண்டுகள் நீடித்திருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. இதற்கு மருந்தும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. எங்களில் பலர் போகத் தயங்குவதற்குக் காரணம், தெரிந்த முகங்கள் உள்ள புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கி உட்கார வேண்டும் என்பதுதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவரது சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். அப்படியும் தயங்கினால், வீட்டிலிருந்தே 14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்குப் பேசலாம்; அது அரசின் மனநலத் தொலைபேசி உதவி. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். எங்கள் பக்கத்தவர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனை அருகில்; நான் ஒருத்தியோடு துணைக்குப் போயிருக்கிறேன், அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது என்பதே அவளுக்குப் பாதி நிம்மதி. வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல எப்போதாவது அக்கா பேசினால் மட்டும் நாள் பார்க்காதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

அவர் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறாரா? அப்படியென்றால் வேறு வார்டு கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் கேவலம் என்று நினைத்து நான் வெகுநாள் கேட்கவில்லை. கேட்டதும் இரண்டே மாதத்தில் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். இங்கேயும் இரவில் தூங்க முடியாது. பிறக்கிறவர்கள் விடுவதில்லை.