கிளாக்கோமா உள்ளவருக்குப் பார்வை நரம்பின் அருகே விழித்திரை அடுக்கு பிரிந்தால் ஆபரேஷன் வேண்டுமா?

கிளாக்கோமா (பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகும் நோய்) உள்ள அப்பாவின் ஓசிடி ஸ்கேனில், அதாவது விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் சோதனையில், பார்வை நரம்பை ஒட்டி விழித்திரை அடுக்குகள் பிரிந்திருப்பதாகச் சொன்னார்கள், விழித்திரை கழன்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. விழித்திரை கழல்வது என்றால் அது பின்னாலிருக்கும் நிறமி அடுக்கை விட்டே பிரிந்து வருவது, அது அவசரம். இங்கே விழித்திரைக்கு உள்ளேயே இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் நீர் புகுந்து பிளவு ஏற்பட்டிருக்கிறது. ஸ்கேன் படத்தில் கறுப்பான இடைவெளியும், அதன் குறுக்கே மேலும் கீழும் பிடித்து நிற்கும் மெல்லிய இழைகளும் தெரியும்.

பெரும்பாலும் நரம்பிழைகள் ஏற்கெனவே மெலிந்த பக்கத்தில்தான் இது வரும். நீர் எப்படிப் புகுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அழுத்தத்தால் பழுதான நரம்புமுனையின் நுண்துளைகள், கண்ணுக்குள் இருக்கும் ஜெல் இழுப்பது, இரண்டுமே சொல்லப்படுகின்றன. பலருக்குப் பார்வையில் எந்த மாற்றமும் தெரியாது. தானாகவே வற்றிவிடுவதும் உண்டு. மையப்பகுதியான மாக்குலாவுக்குப் பரவாதவரை ஆபரேஷன் பேச்சு எழாது.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை. நீர் சேர்ந்த இடத்தில் நரம்பிழை அடுக்கின் தடிமன் கூடிவிட்டதாக மெஷின் காட்டும். ஒரு பக்கம் 70 மைக்ரான் இருந்தது 110 ஆகி, மெலிவைக் காட்டும் சிவப்பு இயல்பைக் காட்டும் பச்சையாக மாறினால் நோய் குணமானதாக நினைக்கத் தோன்றும். பிறகு நீர் வற்றி 65 வந்தால் ஒரே ஆண்டில் நரம்பு அழிந்துவிட்டதாகப் பதறுவோம். இரண்டு முடிவுமே தவறு. வண்ணப் பக்கத்தோடு நிறுத்தாமல், வெட்டுமுகப் படத்தையும் பார்வைப்புலச் சோதனையையும் சேர்த்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நீர் வற்றிய பிறகு எடுக்கும் ஸ்கேனைப் புதிய அடிப்படையாக வைப்பதே சரி. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம், தேசியக் கண் நிலையம், தனியார் கிளினிக் என்று மாறிப் போகிறவர்கள் பழைய பிரிண்ட்அவுட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். ஒரு கம்பெனி மெஷினின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

பிளவு இருக்கும்போது கண் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது இன்னும் முக்கியம். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே ஊற்றினால் முதல் மருந்து வழிந்து போய்விடும். அழுத்தம் இலக்குக்கு மேலேயே இருந்தால் மருந்தை மாற்றுவதா, லேசரா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

வாரம் ஒருமுறை, ஒவ்வொரு கண்ணாக மூடி, கட்டம் போட்ட தாளைப் படிக்கும் கண்ணாடியோடு பார்க்கச் சொல்லுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசல் கம்பிக்கதவுகூட உதவும். நேர்கோடு வளைந்தாலோ நடுவில் மங்கலாகத் தெரிந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் கிளினிக்கை அழையுங்கள். நீர் மாக்குலாவுக்குப் போயிருந்தால் விழித்திரை நிபுணர் பார்க்க வேண்டும். நரம்புமுனையில் பிறவிக்குழி இருக்கிறதா என்பதையும் அப்போது பார்ப்பார்கள், ஏனென்றால் அதுவும் இதே போன்ற படத்தைக் காட்டும். லேசர், ஜெல்லை அகற்றும் ஆபரேஷன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, கரும்புள்ளிக் கூட்டம், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டு, இவை இந்தப் பிளவின் அறிகுறிகள் அல்ல. விழித்திரை கழல்வதாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.