கரப்பானுக்கு மரமஞ்சள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முழங்கை மடிப்பில் பல வருடங்களாகக் கரப்பான் இருக்கிறது. மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் அதை மாற்றும் என்பது நிரூபிக்கப்பட்டதா? (கிளிநொச்சி)

பதில்: இன்னும் இல்லை. மரமஞ்சள் தண்டை வெட்டியதும் தெரிகிற மஞ்சள், பெரும்பாலும் பெர்பெரினின் நிறமே. ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களிலும் எலிகளிலும் அது அழற்சியைத் தணித்திருப்பதும் உண்மை. ஆனால், இரவெல்லாம் சொறிந்து தடித்துப்போன மனிதத் தோலிலும் அது வேலை செய்யும் என்று சொல்வதற்கு, நோயாளரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தற்ற போலிக் குளிசை கொடுத்து ஒப்பிட்ட பெரிய பரிசோதனைகள் வேண்டும். அந்தப் படியில் சறுக்கியவை உண்டு. ஈவினிங் பிரிம்ரோஸ், போரேஜ் ஆகிய விதை எண்ணெய்கள் எக்ஸிமா எனப்படும் கரப்பானுக்கென்று நெடுங்காலம் விற்கப்பட்டன; 2013 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவை போலிக் குளிசையை விஞ்சவில்லை. கர்ப்பிணிகள் பெர்பெரினை உட்கொள்ளவே கூடாது. பச்சிளங்குழந்தைக்கு அது மஞ்சட்காமாலையைக் கடுமையாக்கக்கூடும்.

கேள்வி: நான்கு வயது மகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? (முல்லைத்தீவு)

பதில்: பூசலாம். இதற்கு மனிதரிடத்தில் பெற்ற சான்று உண்டு. பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் நடத்திய ஆய்வில், கன்னித் தேங்காய் எண்ணெய் (சுத்திகரிக்காதது) பூசியவர்களின் நோய்க் கடுமைச் சுட்டெண் சராசரியாக 68 சதவீதமும், கனிம எண்ணெய் பூசியவர்களுக்கு 38 சதவீதமும் குறைந்தது. ஒரே ஆய்வு என்பதால் அளவோடுதான் நம்பவேண்டும். குளித்ததும் ஈரம் முழுதாக உலருமுன் பூசுங்கள். வைத்தியர் தந்த களிம்பை இதற்காக நிறுத்தவேண்டாம்.

கேள்வி: பெயரில்லாத டப்பாவில் வந்த மூலிகைக் களிம்பு இரண்டே நாளில் சுகப்படுத்தியது. தொடரலாமா? (மாங்குளம்)

பதில்: அந்த வேகம்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் எக்ஸிமாப் பிள்ளைகள் பயன்படுத்திய 24 மூலிகைக் களிம்புகளைப் பரிசோதித்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில், 20 இல், அழற்சியை விரைவாக அடக்கும் மருந்தான ஸ்டீரொயிட் கலந்திருந்தது. டப்பாவோடு தோல் வைத்தியரைப் பாருங்கள்.

கேள்வி: வயலில் களை பிடுங்கினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கின்றன. (வவுனியா)

பதில்: பார்த்தீனியம் என்ற களை காரணமாக இருக்கலாம். அதிலுள்ள பார்த்தெனின் என்பதும் இயற்கைத் தாவரச் சேர்வைதான். காற்றில் பறக்கும் தூசியாகக் கண்ணிமையில் படிந்தாலே ஒவ்வாமை உள்ளவருக்குப் போதும். கையுறையும் நீளக்கைச் சட்டையும் அணிந்து, பூக்குமுன்னே பிடுங்குங்கள். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.