இயேசுவின் அற்புதங்கள் அவருடைய வல்லமையைக் காட்ட மட்டும்தானா?

வல்லமையைக் காட்ட மட்டும் என்றால், மாற்கு முதல் அதிகாரத்தில் வரும் குஷ்டரோகியை அவர் தொட்டிருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு அதிபதி என்னும் படைத்தலைவனின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே சொஸ்தமாக்கியவர் அவர்; ஒரு வார்த்தை போதும். பழைய ஏற்பாட்டின் லேவியராகமச் சட்டப்படி குஷ்டரோகி 'தீட்டு, தீட்டு' என்று சத்தமிட்டபடி ஊருக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். எத்தனை காலம் ஒரு கைகூட அவன்மேல் படாமல் இருந்ததோ! இயேசு மனதுருகி, கையை நீட்டித் தொட்டார். அதன்பிறகுதான், 'எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு' என்றார். தோல் ஆறுவதற்கு முன்பே அவனுடைய தனிமை உடைந்துவிட்டது. என் விசுவாசத்துக்கு இந்த வரிசைதான் உயிர்.

அற்புதம் யாரையும் விசுவாசிக்கக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஐந்து அப்பங்களில் ஏறக்குறைய 5,000 ஆண்கள் வயிறார உண்டார்கள். யோவான் 6-ஆம் அதிகாரம் முடிவதற்குள் சீஷர்களிலேயே அநேகர் அவரை விட்டுப் பின்வாங்கிப் போனார்கள்.