மின்கட்டணம் முதல் காப்பீடு வரை எல்லாவற்றையும் கார்டில் கட்டலாமா?

கேள்வி: மின்கட்டணம், தண்ணீர், இணையம், இரண்டு கைபேசிகள், காப்பீட்டு பிரீமியம் என்று எங்கள் வீட்டில் மாதாமாதம் கட்ட வேண்டியவை ஏழெட்டு இருக்கின்றன. இதுவரை எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகிறது. புதிதாக வாங்கிய ரிவார்டு கிரெடிட் கார்டில் (செலவுக்கு ஏற்பப் பணமோ பாயிண்ட்டோ திருப்பித் தரும் கார்டு) இவற்றைக் கட்டினால் வருடத்துக்கு ஒரு நல்ல தொகை திரும்பி வரும் என்கிறார் என் கணவர். எனக்குக் கடன் என்றாலே பயம். "எப்படியும் செலவாகப் போகிற பணம்தானே?" என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கார்டில் கட்டுவதற்காக யாரும் கூடுதலாக மின்விசிறி ஓட்டப் போவதில்லை. கடையில் கார்டை நீட்டும்போது கை தாராளமாகிவிடும் ஆபத்து வீட்டு பில்களில் குறைவு. ஆனால் உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

மாதம் 20,000க்கு பில்கள் வருகின்றன, கார்டு 1 சதவீதம் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 200, வருடத்துக்கு 2,400. இப்போது மறுபக்கம். கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம் என்றால் மாதத்துக்கு 3 சதவீதம். ஒரே ஒரு மாதம் அந்த 20,000ஐக் கட்டாமல் விட்டால் வட்டி 600. மூன்று மாதம் சேர்த்தது ஒரே மாதத்தில் போய்விட்டது. தாமதக் கட்டணமும் சேர்ந்தால் அரை வருடச் சேமிப்புகூடக் கரையலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 20,000க்கு 19,000 கட்டிவிட்டால் மீதி 1,000க்கு மட்டும்தான் வட்டி என்று நினைக்கிறோம். பல கார்டுகளில் அப்படி இல்லை. முழுத் தொகையும் கட்டப்படவில்லை என்றால் வட்டியில்லாக் காலம், அதாவது கடைசித் தேதி வரை வட்டி போடாத சலுகையே போய்விடும். ஒவ்வொரு செலவுக்கும் அது நடந்த நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்கும். அடுத்த மாதம் புதிதாகக் கட்டும் மின்கட்டணத்துக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. அதனால் "கொஞ்சம் குறைவாகக் கட்டினால் என்ன" என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதாமாதம் கடைசிப் பைசா வரை கட்ட முடிகிற வீட்டுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஏற்கெனவே கார்டில் பழைய பாக்கி இருந்தால், அதை முடிக்கும் வரை வீட்டு பில்களை வங்கிக் கணக்கிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, முழுவதும் கட்டிவிடுவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து பார்க்க வேண்டியது, கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டா என்பது. கார்டில் வாங்கும் ஒவ்வொரு பணத்துக்கும் பணம் பெறுகிறவர் ஒரு பங்கை வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டும். நமக்கு வரும் ரிவார்டே பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்து வருவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் ஒரு விதி கொண்டுவந்து, கிரெடிட் கார்டு செலவில் வாடிக்கையாளரின் வங்கிக்குப் போகும் பங்கை 0.3 சதவீதத்துக்குள் அடக்கியது. ரிவார்டு அங்கே மெலிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைகளை நடத்துகிறவர்கள் பலர் அந்தச் செலவைத் தாங்க விரும்புவதில்லை. கார்டில் கட்டுகிறவரிடமே வசூலித்துவிடுகிறார்கள். கட்டணம் 1.5 சதவீதம், ரிவார்டு 1 சதவீதம் என்றால் பாயிண்ட் சேரச் சேர நஷ்டம்தான் சேரும். சதவீதமாக இல்லாமல் பில்லுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வாங்கினால் கணக்கு மாறும்: பெரிய பில்லுக்கு அது கட்டுப்படியாகலாம், சின்ன கைபேசி பில்லுக்கு ஆகாது. பில் அனுப்புகிறவர் எதுவும் வாங்காவிட்டாலும், வாடகை போன்ற செலவுகளுக்குச் சில வங்கிகளே தனியாகக் கட்டணம் போடுவதுண்டு. கார்டின் கட்டண விவரப் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள்.

ரிவார்டு வருகிறதா என்பதும் தனிக் கேள்விதான். கார்டில் பணம் பெறும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நான்கு இலக்கக் குறியீட்டு எண் ஒன்று உண்டு. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் போன்றவற்றுக்கு 4900, தொலைபேசிச் சேவைக்கு 4814, காப்பீட்டுக்கு 6300, பல்பொருள் அங்காடிக்கு 5411. நீங்கள் கட்டியது என்ன பில் என்று வங்கிக்குத் தெரியாது. அது பார்ப்பது அந்த எண்ணைத்தான். பல கார்டுகள் இந்த எண்களில் சிலவற்றை ரிவார்டு பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருக்கும், அல்லது பாதி பாயிண்ட்தான் தரும், அல்லது மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டிருக்கும். அதே பில்லை இடையிலுள்ள ஒரு செயலி வழியாகக் கட்டினால் வேறு எண்ணில் பதிவாகலாம், அது சாதகமாகவும் போகும், பாதகமாகவும் போகும். அதனால் எட்டு பில்களையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் மாதம் ஒரே ஒரு சின்ன பில்லை மாற்றுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் (மாதாமாதம் வரும் கார்டு கணக்கு விவரம்) எத்தனை பாயிண்ட் ஏறியிருக்கிறது, கூடுதலாக ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

பாயிண்ட்டின் மதிப்பையும் பார்க்க வேண்டும். ஒரே பாயிண்ட்டுக்கு, பில்லில் கழித்துக்கொண்டால் ஒரு மதிப்பு, பரிசுப் பொருளாக வாங்கினால் இன்னொன்று, விமானப் பயணத்துக்கு மாற்றினால் வேறொன்று. காலாவதித் தேதி இருக்கலாம். மதிப்பை நிறுவனம் நடுவில் குறைக்கவும் செய்யலாம். வீட்டு பில்களுக்காகவே ஒரு கார்டு என்றால், பாயிண்ட்டைவிட நேராகப் பணமாகவே திருப்பித் தரும் கேஷ்பேக் கார்டைத்தான் நான் சொல்வேன். ஆண்டுக் கட்டணத்தைக் கழித்துவிட்டு மீதி என்ன என்று பார்க்கவும் மறக்காதீர்கள்.

மறதிதான் பயம் என்றால், கார்டு பில்லை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தில் 'முழுத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதில் பில்லின் ஒரு சிறு பகுதி மட்டுமே போகும், மீதிக்கு வட்டி ஓடும். குறைந்தபட்சத்தைத் தேர்ந்துவிட்டு, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தவர்களின் கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வேதனையானது. முழுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். கடைசித் தேதிக்கு முன் கணக்கில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணவரும் நீங்களும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்ட பிறகு வருடத்துக்குக் கிடைப்பது மிகச் சிறிய தொகைதான் என்று தெரிந்தால், இப்போது இருப்பது போலவே விட்டுவிடுவதும் நல்ல முடிவுதான்.

கேள்வி: எல்லா பில்களையும் கார்டில் தானாகப் போகும்படி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. கார்டின் காலம் முடிந்து புதிய கார்டு வந்திருக்கிறது. நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: உடனே செய்ய வேண்டும். சில சேவைகளுக்குப் புதிய கார்டின் விவரம் தானாகப் போய்ச் சேரும். எல்லாவற்றுக்கும் போகாது. கார்டு தொலைந்து எண்ணே மாறினாலும் இதே நிலைதான். இணைய பில் தவறினால் ஒருநாள் இணைப்பு போகும், கட்டினால் வந்துவிடும். காப்பீடு அப்படி இல்லை. எனக்கே இது நடந்தது. புதிய கார்டு வந்த மாதத்தில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் போகவில்லை. அறிவிப்பு நான் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. தவறிய பிரீமியத்தைக் கட்டத் தரும் சலுகை நாட்கள் முடிய நான்கு நாள் இருக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. கண்ணில் படாமலே அந்த நான்கு நாளும் கழிந்து, அப்புறம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

எந்தெந்த பில்கள் எந்தக் கார்டில் போகின்றன, எந்தத் தேதியில் போகின்றன என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். தானாகப் போகிறது என்பதற்காக பில்லைப் பார்க்காமலும் இருக்க வேண்டாம். நிலத்தடிக் குழாயில் கசிவு இருந்தால் பல வீடுகளில் அதை முதலில் காட்டிக்கொடுப்பது தண்ணீர் பில்தான்.

கேள்வி: வருடத்துக்கு ஒருமுறை பெரிய காப்பீட்டு பிரீமியம் கட்டுகிறேன். அதைக் கார்டில் கட்ட நல்ல நாள் எது?

பதில்: கடைசித் தேதி அனுமதித்தால், கார்டின் ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள். அன்று செய்த செலவு அடுத்த ஸ்டேட்மென்ட்டில்தான் வரும், அதற்கு மேல் 20 நாளோ 25 நாளோ அவகாசம். ஆக 50 நாளுக்குப் பக்கம் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும். ஸ்டேட்மென்ட்டுக்கு முந்தைய நாள் கட்டினால் இதில் பாதிகூடக் கிடைக்காது. அந்த ஒரு பிரீமியமே கார்டு வரம்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்றால், ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே ஒரு பகுதியைச் செலுத்திவிடுவது நல்லது. வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதைக் கடன் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் எண்) கணக்கிடுகிறவர்கள் பார்ப்பார்கள். விரைவில் வீட்டுக்கடன் கேட்கப் போகிறீர்கள் என்றால் இதில் இன்னும் கவனமாக இருங்கள்.

கேள்வி: வீட்டுக்கடன் தவணையைக் கார்டிலிருந்து ஒரு வாலட்டில் (கைபேசிச் செயலியில் பணம் வைத்துச் செலவிடும் கணக்கு) ஏற்றி, அங்கிருந்து கட்டினால் பாயிண்ட் கிடைக்குமாமே?

பதில்: வேண்டாம். வாலட்டில் பணம் ஏற்றுவதைப் பல கார்டுகள் பணம் எடுத்ததற்குச் சமமாகவே கணக்கு வைக்கின்றன. அப்படி வைத்தால் பாயிண்ட் கிடையாது, தனிக் கட்டணம் உண்டு, வட்டியில்லாக் காலமும் இல்லை, ஏற்றிய நாளிலிருந்தே வட்டி. குறைந்த வட்டியிலுள்ள வீட்டுக்கடனை அதிக வட்டியிலுள்ள கார்டுக்கடனாக மாற்றிக்கொள்வது போல ஆகிவிடும். தவணை வழக்கம்போல வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும்.