பெண் என்பதாலா, இந்தியர் என்பதாலா சம்பளம் குறைவு?

கேள்வி: நியூஜெர்சியில் எச்1பி விசாவில் ஐந்து வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். என் டீமில் இதே வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொன்னார், என்னைவிட வருடத்துக்கு 22,000 டாலர் அதிகம். பெண் என்பதாலா, இந்தியர் என்பதாலா தெரியவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ?

பதில்: எதனால் என்ற குழப்பத்தை முதலில் விடுங்கள். 1963-ஆம் ஆண்டின் மத்திய சம ஊதியச் சட்டம் ஆண், பெண் வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும், இனப் பாகுபாட்டுக்கு 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் போகவேண்டும். ஆனால் நியூஜெர்சியில் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் பாலினம், இனம், பிறந்த நாடு எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனால் இரண்டையும் ஒரே வழக்கில் சொல்லலாம். பதவிப் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. திறமை, உழைப்பு, பொறுப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வேலை என்றால் போதும். வித்தியாசத்துக்கு நியாயமான காரணம் காட்டுவது கம்பெனியின் பாடு. ஜெயித்தால் ஆறு வருடம் வரையிலான பாக்கி கிடைக்கும், அதையும் மூன்று மடங்காகத் தரச் சொல்கிறது சட்டம். உங்களுக்கு ஏற்றித் தருவதற்காக அவருடைய சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது, அதனால் அவரை நினைத்துச் சங்கடப்பட வேண்டாம்.

நம்மவர்கள் பலர் கவனிக்காத இன்னொன்று, உங்கள் விசா. எச்1பி ஊழியருக்குச் சந்தை நிலவரச் சம்பளம், அதே இடத்தில் அதே தகுதியோடு அதே வேலை பார்ப்பவருக்குக் கம்பெனி தரும் சம்பளம், இந்த இரண்டில் எது அதிகமோ அதைத்தான் தரவேண்டும். இதில் புகார் என்றால் மத்திய தொழிலாளர் துறைக்கு, 12 மாதத்துக்குள்.

சரி, வேலை பயம். சம்பளத்தைப் பற்றிப் பேசியதற்காகவோ கேட்டதற்காகவோ பழிவாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனாலும் வேலை போனால் விசாவுக்கு இருப்பது அதிகபட்சம் 60 நாள்தான், அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். அதனால் எச்ஆருக்கு மெயில் போடும் முன்பே உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். சம்பள ஸ்லிப், அப்ரைசல், வேலை விவரம் எல்லாம் எடுத்து வையுங்கள். கம்பெனியின் ரகசிய ஃபைல்களை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், நல்ல வழக்குகளே அதில் கெட்டிருக்கின்றன.

வழக்குப் போடும் காலக்கெடுவைப் பொறுத்தவரை, ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று வழக்குப் போட்ட அலபாமா டயர் தொழிற்சாலை ஊழியர் லில்லி லெட்பெட்டர், புகாரைத் தாமதமாகக் கொண்டுவந்தார் என்று சொல்லித்தான் 2007-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தபிறகு குறைத்துத் தரும் ஒவ்வொரு சம்பளத்துக்கும் கெடு புதிதாகத் தொடங்கும். நியூஜெர்சி சட்டத்திலும் அப்படியே. மாநில நீதிமன்றத்துக்கு இரண்டு வருடம், நீங்கள் வேலையை விட்டுவிட்டால் கடைசிச் சம்பளத்திலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.